வெள்ளைப் பக்கப் பேய்

...அழிக்காமலா அண்ணா உங்களைக் கூப்பிட்டிருப்பேன்? அழிச்சாச்சு. அழிச்சா போகுது. போய்ட்டு, "சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னு வர்ற சொந்தக்காரங்க மாதிரி திரும்ப வந்து உக்காந்துக்குது. அதுவும் தனியாவா வருது? குடும்பத்தோட வருது! பாருங்க, எழுத்தெல்லாம் முடிஞ்சு போச்சு, அதுக்குக் கீழ வெள்ளைப் பக்கம். அதுக்குக் கீழ வெள்ளைப் பக்கம். அதுக்கும் கீழ... தள்ளிட்டே போங்க, வெள்ளாவி வெச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு.

கம்ப்யூட்டர் ரிப்பேர்னு கடை வாசல்ல போர்டு வெச்சிருக்கீங்களே, பேய் ரிப்பேரும் பாப்பீங்களா?

சிரிக்காதீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, புள்ள இப்பத்தான் கண் அசந்திருக்கா. ...ஆமா, நீங்க எங்க பேசினீங்க, நான்தான் பேசிட்டிருக்கேன். சரி, நானே மெதுவாப் பேசறேன்.

நீங்க அந்த டேபிள்லயே உக்காந்து பாருங்க அண்ணா. நான் இங்க தொட்டில் பக்கத்துலதான் இருப்பேன், எந்திரிக்க முடியாது. என்னது, இந்த டொக் டொக் சத்தமா? அது ஒண்ணுமில்ல, நான்தான். இவளைத் தூங்க வைக்கிறேன். நீங்க வேலையைப் பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், வேலை. என் வேலைக்குத்தான் அண்ணா உலை வெச்சிருக்கு இந்தப் பேய். துணி துவைக்கிற மெஷின் வாங்குனா ஒரு விளக்கப் புத்தகம் குடுப்பாங்கல்ல, யாரும் படிக்காம டிராயர்ல போடுறது? அதை எழுதுறது நான்தான். "மூடியை மூடவும். மூடி மூடியிருப்பதை உறுதி செய்யவும். மூடவில்லையெனில் மூடவும்." இந்த இலக்கியத்துக்குத்தான் கான்வென்ட்ல அத்தனை வருஷம் படிச்சேன்.

போன தடவை என்னாச்சு தெரியுமா? இந்த வெள்ளைப் பக்கத்தை நான் கவனிக்கல. அனுப்பிட்டேன். அச்சடிக்கிறவரும் கவனிக்கல. அவருக்கென்ன, வந்ததை அடிச்சுட்டாரு. கையகலப் புத்தகம் தலகாணி சைஸுக்கு வந்துடுச்சு! முன்னாடி கொஞ்சம் எழுத்து, மிச்சமெல்லாம் வெள்ளை. மெஷின் வாங்குன ஒரு அம்மா ஆபீசுக்கே போன் பண்ணி, "சலவைக் கணக்கு எழுதறதுக்கு இடம் விட்டிருக்கீங்களே, ரொம்ப நன்றி, கோடும் போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்"னாங்களாம். எங்க மேனேஜரம்மாவுக்கு முகம் எப்படி இருந்திருக்கும்! கத்தல. கத்துனா பரவால்லயே. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "இன்னொரு தடவை வெள்ளைப் பக்கம் வந்துச்சுன்னா, நீ வீட்ல குழந்தையைப் பாத்துக்கோம்மா, வேலையை நாங்க பாத்துக்கறோம்."

இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும் அண்ணா. அனுப்பலன்னா வேலை போச்சு. வெள்ளையோட அனுப்புனாலும் வேலை போச்சு.

யோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்ல. எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, "பின்னாடி பக்கத்தையெல்லாம் வெள்ளைக் கலர்ல மாத்திடு, தெரியாது"ன்னு. அது வெள்ளையாத்தானே இருக்கு மனுஷா! மாடி வீட்டு ரிட்டயர்டு மாமா சொல்றாரு, "எல்லாத்தையும் பிரின்ட் எடு, வேண்டாததைக் கிழிச்சுடு, மிச்சத்தை ஸ்கேன் பண்ணு"ன்னு. எங்க நாத்தனார் போன்லயே, "அந்தத் திருப்பிப் போட்ட பி மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அமுக்கிப் பாரு அண்ணி, ஒளிஞ்சிருக்கறதெல்லாம் தெரியும்"னா. அமுக்கினேன். அம்மாடி! பக்கம் பூரா அந்தக் குறி, ஓரமா ஒண்ணு கீழ ஒண்ணா, எறும்பு வரிசை மாதிரி. பயந்து போய் மூடி வெச்சுட்டேன்.

என்ன, அதைத்தான் நீங்களும் அமுக்கினீங்களா? அந்தக் குறி ஒவ்வொண்ணும் ஒரு என்டராமா? வெறும் என்டரா? யாரு அண்ணா இத்தனை என்டர் தட்டுவா, பைத்தியக்காரியா?

நில்லுங்க, தண்ணி கொண்டு வரேன், முகமே வாடிப் போச்சு உங்களுக்கு...

இந்தாங்க. என்ன, வெள்ளை வர்றது நின்னுடுச்சா? நான் சமையக்கட்டுக்குப் போனப்ப ஒண்ணுமே வரலையா? பாத்தீங்களா! பேய் உங்களுக்கு பயப்படுது. ...அய்யோ, இவ சிணுங்குறா. இரும்மா, இரு இரு, அம்மா வந்துட்டேன். ஓ... ஓ... டொக், டொக், டொக். அவ்ளோதான், தூங்கிட்டா.

என்ன? திரும்ப வருதா?

அப்ப... அப்ப என்னையத்தான் பிடிச்சிருக்கு. நான் போனா நிக்குது, நான் வந்து உக்காந்தா வருது. மாதாவே! உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். இந்த வீட்ல முன்னாடி ஒரு எழுத்தாளர் இருந்தாராம். ஒரு நாவலை பாதியில விட்டுட்டுப் போய்ட்டாராம். போய்ட்டாருன்னா, வேற வீட்டுக்கு. நல்லாத்தான் இருக்காரு, காய்கறிக் கடையில பாத்தேன். இருந்தாலும் பாதி நாவல் இங்கதானே அண்ணா சுத்திக்கிட்டு இருக்கும்? அதுக்குத்தான் பக்கம் பக்கமா வெள்ளை கேக்குது!

ஏன் அண்ணா அப்படிப் பாக்குறீங்க? என் மடியையா? இதுவா? இது கீபோர்டு. எங்க வீட்டுக்காரரு வாங்கிக் குடுத்தது. ஒயர் கிடையாது. லேப்டாப் கீபோர்டு ஊமை அண்ணா, சத்தமே போடாது. இது நல்லா வாயாடி. இவ வயித்துல இருக்கும்போதே நான் இதுல டைப் பண்ணதைக் கேட்டு வளந்தவ. தாலாட்டுப் பாடுனா வீல்னு கத்துவா, என் குரல் அப்படி. இந்தச் சத்தம் கேட்டாத்தான் தூங்குவா. அதுவும் எல்லா கீயும் ஒத்துக்க மாட்டா. ஏ பி சி எல்லாம் டிக் டிக்னு இருக்குமா, உடனே முழிச்சுக்குவா. இந்தப் பெரிய கீதான் டொக்குன்னு கனமா விழும். அதான் மணிக்கணக்கா இதையே...

என்ன கழட்டுறீங்க? லேப்டாப் ஓரத்துல நகத்துண்டு மாதிரி? அது இந்தக் கீபோர்டோடதுதானே, அதைச் சொருகினாத்தான் இதுல தட்டுறது அதுல...

...

இந்தப் பெரிய கீ பேரு... என்டர்.

அய்யய்யோ.

அப்ப அந்தப் பைத்தியக்காரி... சிரிங்க அண்ணா, சிரிங்க. சத்தம் போடாம சிரிங்க, புள்ள எந்திரிச்சுடுவா. பாவம் அந்த எழுத்தாளர், காய்கறிக் கடையில அவரைப் பாத்து சிலுவை போட்டேனே நான்! கத்தரிக்காயைக் கீழ போட்டுட்டாரு.

சரி, இப்ப தட்டலாமா? தட்டுறேன். டொக். வரலையா? டொக், டொக். ஆஹா! இதுக்கும் லேப்டாப்புக்கும் கூட்டு விட்டுப் போச்சு! நான் பாட்டுக்குத் தட்டறேன், நீங்க இருக்கற வெள்ளையெல்லாம் அழிச்சுடுங்க. எப்படி, பின்னாடியிருந்தா? அந்த பேக்ஸ்பேஸை அமுக்கிப் பிடிச்சா அதுவே தின்னுக்கிட்டு மேல வருமா? நல்லது. பிடிச்சுக்கோங்க. எழுத்து வந்ததும் விட்டுடுங்க, "சுத்தமான துணியால் துடைக்கவும்"னு முடியும், அதுதான் கடைசி வரி.

எங்க கான்வென்ட் சிஸ்டர் டைப்பிங் கிளாஸ்ல சொல்லுவாங்க அண்ணா, "விரலுக்கு வேலை குடு, புத்தி தானா வரும்"னு. எனக்கு விரலுக்கு வேலை வந்துச்சு, புத்தி இன்னும் வரல. சேவ் பண்ணும்போதெல்லாம் தொட்டிலைப் பாத்துக்கிட்டே பண்ணுவேன். ஸ்கிரீனை யாரு பாத்தா? புள்ள மூச்சு விடறாளான்னுதான் பாப்பேன். தூங்காட்டி ஏன் தூங்கலன்னு பயம், தூங்குனா ஏன் இவ்ளோ நேரம் தூங்குறான்னு பயம். உங்க வீட்லயும் இப்படித்தானா? ...அண்ணா? வெள்ளை முடிஞ்சுதா?

அண்ணா?

தலை ஏன் தொங்குது? ...அட கடவுளே, நீங்களுமா தூங்கிட்டீங்க! டொக் டொக் கேட்டா? விரல்! விரல் பேக்ஸ்பேஸ் மேலயே இருக்கு! "துடைக்கவும்" போச்சு! அய்யோ, "துணியால்" போச்சு! அண்ணா... ஸ்ஸ்... அண்ணா, விரலை எடுங்க... எப்படிக் கத்துவேன், கத்துனா இவ எந்திரிச்சுடுவா... மூடி வந்துடுச்சு! மூடியைத் திங்குது! அண்ணா...! தட்டறதை நிறுத்துனா இவ அழுவா, நிறுத்தாட்டி நீங்க முழிக்க மாட்டீங்க...

நிறுத்திட்டேன். அழட்டும். அழுடி என் தங்கம், நல்லா அழு!

...அப்பாடா, எந்திரிச்சீங்களா! கையை எடுங்க, கையை எடுங்க! ஒண்ணும் ஆகல, பாதி புத்தகம்தான் போயிருக்கு. கன்ட்ரோல் இசட். இன்னொண்ணு. மூடி வந்துடுச்சு. இன்னொண்ணு. "சுத்தமான துணியால் துடைக்கவும்." நில்லுங்க! அதுக்கு மேல போனா வெள்ளையும் கூடவே வந்துடும். ஆங். அதான். தள்ளிக் காட்டுங்க. கீழ ஒண்ணுமில்லயா? ஒண்ணுமே இல்ல! சேவ். அனுப்புங்க, அனுப்புங்க, மேனேஜரம்மா பேரு மேலயே இருக்கு பாருங்க.

போய்டுச்சா? போய்டுச்சு! கேட்டியாடி, உன்னாலதான் வேலை போகப் பாத்துச்சு, உன்னாலதான் தப்பிச்சுது. இந்த வீட்ல நேரத்துக்கு முழிச்சுக்க ஒரு ஆளாவது இருக்கே.

சரி சரி, அழாதடா, அழாத. அண்ணா, ஒரே ஒரு உதவி. மத்தியானத்துலேர்ந்து நான் முகம்கூடக் கழுவல. நீங்க இப்படி வந்து உக்காந்து, கொஞ்ச நேரம் இந்த என்டரைத் தட்டுங்களேன். நிதானமாத் தட்டணும், நீங்க மட்டும் தூங்கிடக் கூடாது. சோப்பு போட்டுட்டு ஓடி வந்துடறேன்...

அண்ணா?

இங்கதானே இருந்தாரு... செருப்பையும் காணோமே?

அண்ணா! கழட்டுன அந்த நகத்துண்டை எங்க வெச்சீங்க?