பிரிக்காத மாத்திரை அட்டை

ஹலோ... அக்கா, ஆபீஸ்லயா? ரெண்டு நிமிஷம் வெளிய வா... ஆமா, ஆமா, பாப்பா தூங்குது... காய்ச்சல்லாம் இல்ல. எனக்கு ஒரு விஷயம் பிடிபடல.

ஆஸ்பத்திரில மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல சிசேரியன் தையல் வலி அடங்கிடும். நானே எழுந்து பாத்ரூம் போனேன், பாத்தல்ல?... ம். வீட்டுக்கு வந்து ரெண்டு நாளா அதே மாத்திரை, அதே எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. இருமினா வயித்துல தலகாணிய அமுக்கிட்டு அழறேன். ஏன்க்கா?

...உடம்பு வாகா. சரி.

காலையில டப்பாவுல வெச்சுட்டுப் போனியே, அது நாக்குலயே கரஞ்சிடுச்சு. மாவு மாவா. வலி மாத்திரைக்கு மேல வழவழன்னு பூச்சு இருக்கும்... இரு, பேசிட்டு இருக்கேன்ல. சுவத்தப் பிடிச்சுட்டே பீரோ வரைக்கும் போனேன். துணிக்கு அடியில என் மாத்திரை அட்ட. ஒண்ணுகூடப் பிரிக்கல. பக்கத்துல உன் பழைய கால்சியம் அட்ட. அதுல ஏழு ஓட்ட. ரெண்டு நாளா எனக்குக் குடுத்தது அதத்தான?

...அழாத. அழ வேண்டியது நான்.

வலி மாத்திரை பால்ல எறங்கிடும்னு யாரு சொன்னா?... நீயா நெனச்சுக்கிட்ட. வார்டு நர்ஸ்கிட்ட பேசிட்டேன். பாலுக்குப் போறது ரொம்பக் கொஞ்சமாம், அது தெரிஞ்சுதான் டாக்டரே எழுதியிருக்காங்க. வெட்டின எடத்துல வீக்கத்தையும் வலியையும் கூட்டுற சரக்க உடம்பே காய்ச்சுமாம். இந்த மாத்திரை அந்த அடுப்ப அணைக்குது. நல்லா எரிய விட்டுட்டு அப்புறம் போட்டா லேட்டாத்தான் கேக்கும்.

...உன் பிரசவத்துல மாத்திரை இல்லாம நீ தாங்கின, சரிக்கா. என் வயித்துக்கும் சேத்து நீயே முடிவு பண்ணுவியா? பாலுக்காகன்ற. ரெண்டு நாளா உக்காந்து பால் குடுக்கவே முடியலயே என்னால.

மாமியார் செஞ்சிருந்தா ஒரு சண்டையோட போயிருக்கும். உன் கையில வாங்கினத நான் பாக்கக்கூட இல்ல. முனகறப்ப முதுகத் தடவி விட்டியே, அப்பவும் உனக்குத் தெரியும்ல?

பன்னெண்டு மணிக்கு சாப்ட்டு ஒண்ணு போட்டேன். அப்புறம் உக்காந்து பாப்பாவுக்குப் பால் குடுத்துத் தூங்க வெச்சுட்டுதான் பேசறேன்... ஆமா, நானே தூக்கினேன்.

வா, யாரு வேணாம்னா. சமையலுக்கு வா, பாப்பாவக் குளிப்பாட்ட வா. மாத்திரைப் பக்கம் வராத. டப்பாவக் கழுவிக் கவுத்துட்டேன். ராத்திரி எட்டு, விடிகாலை நாலு, மத்தியானம் பன்னெண்டு, மூணுக்கும் போன்ல அலாரம் வெச்சாச்சு. வலிக்குதோ இல்லியோ, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும், எதாச்சும் சாப்ட்டுட்டு, அட்டையில பேரப் படிச்சு, நானே பிரிச்சுப் போட்டுக்கறேன். வெக்கிறேன்.