முருகனுக்கு வளர்த்த முடி

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் ரொம்ப நாள் கழித்துப் பார்த்துக்கொண்ட சந்தோஷத்தில் பேசினார்கள். சின்னவள் கம்பளிக் குல்லா போட்டிருந்தாள்.

“எனக்கு மூளைக்கு மேல எலும்பு முளைச்சிருச்சுக்கா.”

அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே இருந்த மலை என் கண்ணில் படவில்லை.

“மண்டையோடே எலும்புதானேடி?”

“அதுக்குக் கீழ, மூளையச் சுத்தி ஒரு சவ்வு இருக்காம். அதுல சாதாரணக் கட்டின்னு நெனச்சுத்தான் தொறந்தாங்க. கல்லாட்டம் கெடந்துச்சாம். லேப்புல பாத்தா கேன்சர். அந்தக் கேன்சரே எலும்பு செய்யுதாம்! டாக்டரே இப்பத்தான் மொதத் தடவையாப் பாக்குறாராம்.”

“முருகா! அப்புறம்?”

“வெட்டி எடுத்து, கீமோ ஏத்தி, கதிர்வீச்சுன்னு கரண்டும் வச்சாங்க. இப்ப ஸ்கேன்ல ஒண்ணுமில்லக்கா. அதான் மொட்டை போடப் போறேன். நேந்துக்கிட்டேன்.”

“ஆஸ்பத்திரியிலயே எல்லா முடியும் போயிருக்குமேடி. அது போதாதா?”

“அது வைத்தியத்துக்குப் போனது. இது அவருக்குன்னு வளத்தது.”

குல்லாவைக் கழற்றினாள். விரற்கடை உயரத்துக்குக் கருகருவென்று முடி. தழும்பைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெறுமையாக இருந்தது.

தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிய அக்கா சட்டென்று நிறுத்தினாள். குனிந்து செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். பிறகுதான் தொட்டாள்.