நானூறு தாங்கிய கல்

— நானூறு பார் அழுத்தம் தாங்குச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க மச்சான்? அதையே அறிக்கையில எழுதச் சொன்னா ஏன் இழுக்குறீங்க?

— தாங்குச்சு மாப்ள. சுரங்கத்துக் கல்லை இரும்பு உருளைக்குள்ள வச்சு, சுத்தி எண்ணெய விட்டு, எல்லாப் பக்கமும் ஒரே அளவா அமுக்கினேன். அசையல. போன வருசம் அதே உருளையில ஒரு தக்காளியக்கூடப் போட்டேன்.

— கதைவிட ஆரம்பிச்சாச்சா?

— பொய்யில்ல மாப்ள. நானூறுல அரைமணி நேரம் கிடந்துச்சு. தோல்கூடச் சுருங்கல. வீட்டுக்குக் கொண்டுபோய் என் தங்கச்சிகிட்ட குடுத்தா, ரெண்டு விரல்ல பிடிச்சா, மூஞ்சியெல்லாம் சாறு.

— அவகிட்ட முட்டைன்னு சொன்னீங்களாம்.

— முட்டை அதுக்கு அடுத்த வாரம்.

— விஷயத்துக்கு வாங்க. சுரங்கத்துல முப்பத்திரண்டு பேர் தோண்டிக்கிட்டிருக்காங்க. இந்தத் தாள் போகலன்னா நாளைக்கு வேலை நிக்கும். என் தலை உருளும்.

— விஷயமே அதுதான். எல்லாப் பக்கமும் சமமா அமுக்கினா கல்லு துளி ஒடுங்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறையன்னா, அந்த வித்தியாசந்தான் உருவத்தையே குலைக்கும். நேத்து மேல நானூறை அப்படியே வச்சுட்டு, பக்கவாட்டுல மட்டும் மெதுவா இறக்கினேன். வித்தியாசம் அறுபது வந்துச்சு. கல்லு சாய்வா ரெண்டாப் போச்சு.

— மலை எல்லாப் பக்கமுந்தானே அமுக்குது?

— தோண்டுற வரைக்கும். தோண்டினா பக்கம் காலி. மேல இருக்குற மலை எங்க போகும்?

— அதையெல்லாம் அடுத்த அறிக்கையில பாத்துக்கலாம். வலிமைன்னு போட்ட கட்டத்துல நானூறுன்னு எழுதுங்க.

— அறுபதுதான் எழுதுவேன்.

— பேனாவக் குடுங்க. நானே எழுதிக்கிறேன்.

— தாராளமா. ஆனா போன் அடிக்குது பாருங்க, சுரங்கத்துலேர்ந்துதான்.

— ஹலோ... ஆமா, மேலாளர்தான். என்ன, கூரை இறங்கிடுச்சா? எப்ப? ஆளுங்க?... முப்பத்திரண்டு பேரும் முன்னாடியே வெளியவா? யாரைக் கேட்டு வந்தாங்க?... என் முத்திரை குத்தின உத்தரவா?

— காலையில உங்க முத்திரை மேசையில சும்மாதான் கிடந்துச்சு மாப்ள.