கழுத்துக் கோடு

பழைய புத்தகத்தை ஈரச் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நேற்று என்னை உள்ளே கூட்டி வந்தபோது பார்த்தேன். என் பறவைப் புத்தகங்கள் மூன்றும் உங்கள் அலுமாரிக்குப் பின்னால், மழை ஊறிய சுவரோடு கிடக்கின்றன. சாட்சிப் பொருளாம். வழக்கு முடிந்தால்தான் வெளியே வருமாம். அதனால்தான் பேசுகிறேன். சுணங்க வேண்டாம்.

சீமையில் அச்சடித்து, ஒவ்வொரு படத்துக்கும் கையால் வர்ணம் தீட்டியவை அவை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்கே திரும்பிப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். எல்லாரும் கட்டிலுக்கும் மேசைக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் இவற்றைத் தூக்கி வந்தேன். மீன்கொத்தியின் நீலத்தை விரலால் தொடக்கூட எனக்கு மனம் வராது. அதற்குப் பிறகு நான் எங்கும் போய்த் தங்கியதில்லை. மழை அடித்தால்? கறையான் ஏறினால்? கல்யாண வீட்டிலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வருவேன். மாத்தளைக் கடைத்தெருவில் என்னைக் கூட்டுக்கிளி என்று கேலி செய்வார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

என் மனைவி ஸக்கியா கேலி செய்ததில்லை. நல்ல பெண், ஐயா. இரண்டு பிள்ளை அவள் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் முறை முழுகாமல் இருந்தபோது அவளுடைய மூத்த சகோதரர் இத்ரூஸ் காக்கா பல்லேபொலயிலிருந்து வந்தார்.

"ஸஹாப்தீன் மச்சான், உசிருள்ளதுகள்ட படமெல்லாம் ஊட்டுல இருந்தா ரஹ்மத்துட மலக்குமார் எப்பிடி வருவாங்க? எரிச்சிருங்க."

அருள் தரும் வானவர்கள் வராவிட்டாலும் எரிக்க முடியாது என்றேன். ஸக்கியா அழுதாள். பிறகு யாரோ அவளுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டால் தலை வேறு, உடல் வேறு. அது உயிருள்ள உருவம் ஆகாது. எங்கள் ஆட்களில் சிலர் காலண்டர் படத்துக்கும் பிஸ்கட் டின்னுக்கும் அப்படிச் செய்வதுண்டு. நான் என் ஏலக்காய்க் கடையில் இருந்த நேரம் அவள் செய்து முடித்துவிட்டாள். மூன்று புத்தகத்திலும், எல்லாக் கழுத்திலும். நான் வந்ததும் சிரித்த முகமாக அவளே சொன்னாள்.

"இனி ஒங்கட குருவியும் ஊட்டுல இரிக்கலாம், புள்ளையும் இரிக்கலாம்."

மீன்கொத்தியைத் திறந்தேன். கறுப்பாக ஒரு கோடு. உடனே மூடிவிட்டேன், மற்றவற்றைப் பார்க்க என்னால் முடியவில்லை. வீட்டை விட்டு அசைய முடியாத எனக்கு, இனி வீட்டுக்குள்ளும் பார்க்க எதுவும் இல்லை என்று பட்டது. கோபப்படவில்லை. சோறு தின்றேன். சம்பல் நன்றாக இருந்தது.

மறுநாள் ஏலக்காய்க்குப் புகை போடும் நாள். கடைக்குப் பின்னால் அதற்கென்றே ஓர் அறை உண்டு, சன்னல் கிடையாது. தட்டுகளில் காயைப் பரப்பி, கதவை அடைத்து, கீழே உள்ள ஓட்டை வழியாகக் கந்தகச் சட்டியை உள்ளே தள்ளுவோம். காய் வெளுத்து வரும். ஸக்கியா உள்ளே நின்றது தெரியாமல் கொண்டி போட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். ஊர் நம்பியது. இத்ரூஸ் காக்கா நம்பவில்லை. இவைதான் காரணம் என்று புத்தகங்களைக் கொண்டுவந்து உங்களிடம் ஒப்படைத்தவர் அவர்தான்.

அவள் உள்ளே நின்றது எனக்குத் தெரியும், ஐயா. காயைப் பரப்பச் சொல்லி அவளை உள்ளே அனுப்பியதே நான்தான்.

தட்டினாள். முதலில் மெதுவாகத்தான் தட்டினாள், நான் மறந்துபோய் அடைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். புகை போட்ட அறையைப் பாதியில் திறந்தால் காய் திட்டுத் திட்டாகிவிடும். எந்த வியாபாரியையும் கேட்டுப் பாருங்கள். பிறகு அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். இருமலுக்கு நடுவே, கதவோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"பென்சில் கோடுதாங்க. அழிச்சிரலாம்."

பயத்தில் யாரும் எதையும் சொல்வார்கள். நான் அங்கேயே நின்றேன். சத்தம் அடங்கியதும் வீட்டுக்குப் போய், பாண் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து மீன்கொத்தியின் கழுத்தில் மெல்லத் தேய்த்தேன். போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா, சந்தோஷத்தில். உட்கார்ந்து மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். மூன்று புத்தகத்தையும் முடித்த பிறகுதான் கொண்டியைத் திறக்கப் போனேன்.

ஈரம் படாமல் வையுங்கள். நீங்களே விரித்துப் பாருங்கள், ஒரு கழுத்திலும் தடம் இல்லை. அவள் சொன்னது சரிதான், ஒன்றுக்கும் சேதம் இல்லை.