புருவம் தெரியுற கோணம்

இல்ல தம்பி, கண்ணாடிய யாரு குறை சொன்னா? கண்ணாடி தங்கமாட்டம் இருக்கு. நீங்க நடைச் சுவத்துல மாட்டின கோணந்தான் கோளாறு. இப்படி அடுப்புகிட்ட வந்து நின்னு பாருங்க. பக்கத்து ரூம் கட்டில் தெரியணும்னுதானே கேட்டேன்? என்ன தெரியுது? ஆங், குளியலறைக் கதவு. அதுல என் துண்டு. நேத்துலேருந்து என் துண்டப் பாத்துக்கிட்டே சமைக்கிறேன்.

சிரிங்க, சிரிங்க. இருபது டிகிரின்னு நாந்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். எனக்குச் சொன்னது என் நாத்தனார், இயற்பியல் டீச்சர். போன் போட்டுக் கேட்டா, காய்ச்சி எடுத்துட்டா. வெளிச்சம் சாயுறத கண்ணாடியிலேருந்து அளக்கக் கூடாதாம். கண்ணாடிமேல நட்டுக்குத்தா ஒரு கோடு நிக்கறதா நெனச்சுக்கிட்டு, அதுலேருந்து அளக்கணுமாம். இல்லாத கோட்டுலேருந்து எவண்டி அளப்பான்னேன். உலகமே அப்படித்தான் அளக்குது அண்ணிங்கறா. நீங்களும் என்னை மாதிரியே உலகத்துல சேராத ஆளு போல.

இந்தாங்க, கரண்டி. காம்பைக் கண்ணாடில முட்டுக் குடுத்துப் பிடிங்க. உள்ள தெரியுற காம்பும் கையில இருக்கறதும் ஒடியாம ஒரே கோடா இருக்கா? அதான் அந்த இல்லாத கோடு. இப்பக் கரண்டியோட சேத்துக் கண்ணாடியத் திருப்புங்க. காம்பு இந்த அடுப்படி வாசலுக்கும் அந்த ரூம் வாசலுக்கும் சரி நடுவுல பாக்கணும். அந்தப் பக்கம் இருபது கட்டிலு, இந்தப் பக்கம் இருபது நானு.

மெதுவா. துண்டு போச்சு. சுவரு... அலமாரி... தலகாணி... இன்னும் ஒரு நூல்...

கட்டில்ல யாரா? எங்க வீட்டுக்காரருதான். கூப்பிட்டாப் போய்ப் பாத்தா போச்சுங்கறீங்களா? நல்லாக் கூப்பிட்ட மனுஷந்தான். உப்பு ஒரு கல்லு குறைஞ்சா தெருமுனை வரைக்கும் கேக்கும். கொஞ்சம் வாயை மூடுங்களேன்னு நானே எத்தனை தடவ கத்தியிருக்கேன்.

பக்கவாதம் வந்ததுலேருந்து குரல் இல்ல தம்பி. புருவத்தாலதான் கூப்பிடுறாரு. போன வாரம் நாக்கு வறண்டுபோய்க் கூப்பிட்டுக்கிட்டே கெடந்திருக்காரு, நான் இங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டு நிக்கறேன்.

நில்லுங்க, நில்லுங்க! அசைக்காதீங்க. தெரியுறாரு. நான் அவரப் பாத்தா அவரும் என்னைப் பாப்பாருன்னு நாத்தனார் சொன்னா, சரியாத்தான் இருக்கு. அதோ, ஆரம்பிச்சுட்டாரு பாருங்க.

அதுவா? ரெண்டு தடவ தூக்கினா, வந்தவங்களுக்கும் சேத்து டீ போடுன்னு அர்த்தம்.