கோட்டுப் பைக்குள் இருந்த கை

எங்கள் அரங்கத்துக் காபியைக் குடித்துவிட்டு முகம் சுளிக்காதவர்கள் இரண்டே ரகம்: நாக்கு செத்தவர்கள், என்னிடம் காரியம் ஆக வேண்டியவர்கள். உங்களுக்கு நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே கேளுங்கள்.

என் இரண்டு ஜோடிகளையும் ஒப்பிட்டு, கலையில் யார் எப்படி வளர்ந்தார்கள் என்று உங்கள் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும் என்றீர்கள். எங்கள் ஷெர்ப்ரூக் ஊரில் இதைக் கேட்காத ஆளில்லை. ஒரே உறையில் இரண்டு கத்தியா என்று ரொட்டிக் கடைக்காரர்கூடக் கேட்டிருக்கிறார். ஐஸ் நடனத்தில் அது சகஜம். எதிரும் புதிருமான ஜோடிகள் ஒரே பயிற்சியாளரிடம், ஒரே ஐஸில், ஒருவர் கீறிய கோட்டை மற்றவர் அழித்துக்கொண்டே பழகுவார்கள். போட்டி முடிந்ததும் தோற்றவளோடு கொஞ்சம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்தவளோடு சிரிக்கப் போவேன். பழகிவிட்டது.

முதலில் கோரினும் லூக்கும். வந்த புதிதில் இருவரும் கட்டிப்பிடித்து ஆடினால், குளிர்சாதனப் பெட்டியை மாடிக்கு ஏற்றுவது போல இருக்கும். டாங்கோவில் லூக் அவளைப் பார்க்கிற பார்வையில் காதல் வர வேண்டும். பசிதான் வரும், பாவம். கழுத்தை எப்போது திருப்புவது, மூச்சை எங்கே விடுவது, விரல் எங்கே முடிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக நான்தான் ஏற்றினேன். வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தார்கள். அந்தக் கழுத்துத் திருப்பலைப் பார்த்தாலே நடுவர்கள் “கிலேன் பட்டறை” என்பார்கள். அந்தக் கிலேன் நான்தான்.

ஒடிலும் அன்செல்மும் வேறு மாதிரி. இசை தொடங்கும் முன்பே ஒடிலின் தோளில் அது தொடங்கியிருக்கும். சிறுமியாக வந்த நாளிலேயே அப்படித்தான். அன்செல்ம் அவளுக்குப் பின்னால் சந்தோஷமாக இழுபட்டுப் போவான். நான் ஏதாவது திருத்தினால் தலையை ஆட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி ஆடுவாள். நான் சொன்னதைவிட அது நன்றாக இருக்கும். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வளர்ச்சி என்று எழுத அவளிடம் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சறுக்குக் காலணியின் அடியிலுள்ள கத்தி மழுங்காமலிருக்க, தரையில் நடக்கும்போது அதற்குப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருப்போம். ஐஸில் இறங்கும் வாசலில் அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்து உறையோடு இறங்கினால் கால் நிற்காது. எங்களில் ஒரு தடவையாவது அப்படி விழாதவர்கள் கிடையாது, பார்த்துச் சிரிக்காதவர்களும் கிடையாது. ஒடில் மகா மறதிக்காரி. அதனால் வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டுவேன். கையைப் பார்த்தால்தான் அவளுக்கு உறை ஞாபகம் வரும். கழற்றிப் பட்டென்று வைத்துவிட்டு, “வரி கட்டியாச்சு, கேட்டைத் திறங்க” என்பாள். வருஷக்கணக்காக இதே விளையாட்டு.

அந்த வருஷம் ஒட்டாவாவில் தேசியப் போட்டி. உலகப் போட்டிக்குப் போக ஒரே ஓர் இடம். முதல் நாள் ஆட்டத்தில் ஒடில் ஜோடிதான் முன்னால் நின்றது. மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது ஒரு நிருபர் வந்து, இந்த ஆட்டமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டார்.

“எங்க அப்பா பாத்திரம் கழுவிக்கிட்டே ஆடுவாரு. அதப் பாத்து வந்ததுதான்.”

“அப்ப கிலேன்?”

“கிலேனா? அவங்க எங்க உறையப் பிடிச்சுக்குவாங்க.”

மேஜையே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன், மேப்பிள் பாகு மூக்கில் ஏறிவிட்டது. ஒடில் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க என்றாள். கோபமெல்லாம் இல்லை என்றேன். சும்மா சொன்னதுதானே.

அன்று மாலை வாசலருகே நல்ல குளிர். கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். குளிருக்கு அப்படி வைத்துக்கொள்ளாத மனுஷர் இந்த நாட்டில் உண்டா? அன்செல்ம் தன் உறைகளைத் தடுப்பின்மேல் வைத்துவிட்டு முதலில் இறங்கி, அவளை வா என்று கை காட்டினான். கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் அவள் கால்களைப் பார்த்தேன். ஒரு காலில் நீல உறை, மறுகாலில் மஞ்சள் உறை. ஒரே நிறத்தில் இரண்டு உறையை அவள் தொலைக்காமல் வைத்திருந்ததே இல்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

“நல்லா ஆடு, கண்ணு.”

சிரித்துக்கொண்டே ஓடி இறங்கினாள்.

கூட்டம் முதலில் சிரித்தது. உறையோடு விழுந்தால் சிரிப்பதுதானே வழக்கம். முழங்கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சத்தம் அடங்கியது. அவளிடம் முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தது நான்தான்.

விபத்து என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒடிலே என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் மறதிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் இல்லாமல் அன்செல்ம் ஐஸில் கால் வைக்கவில்லை. இப்போது ஊரில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறான். கோரினும் லூக்கும் உலகப் போட்டிக்குப் போய்ப் பட்டியலின் நடுவில் எங்கோ வந்தார்கள். கழுத்தை மட்டும் சரியாகத் திருப்பினார்கள்.

நான் யாரையும் தள்ளவில்லை, காலை வாரவில்லை. கையை நீட்டவில்லை, அவ்வளவுதான். நீட்டாவிட்டால் விழுவாள் என்று தெரிந்துதான் நீட்டவில்லை. உறையைப் பிடிப்பது அப்படியொன்றும் சின்ன வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். பேனாவை ஏன் மூடுகிறீர்கள்? ஒப்பிடத்தானே வந்தீர்கள், முடித்துவிடுகிறேன்.

கோரின் வான்கூவரில் சொந்தமாகப் பள்ளி வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், சில வருஷம் அதுவும் வராது. ஒடில் என்னோடுதான் இருக்கிறாள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள். அதோ, படிக்கட்டின் மேலே கைத்தடியோடு நிற்கிறாள், பாருங்கள். அந்த முழங்கால் இனி மடங்காது. நான் போய்க் கையை நீட்டும்வரை ஒரு படிகூட இறங்க மாட்டாள்.

ஒரு காலத்தில் நான் சொன்ன எதையுமே கேட்காத பெண். இருவரில் அதிகம் வளர்ந்தவள் இவள்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.