தினாராவின் எடை

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். எங்கள் பேர்ம் நகரில் அக்டோபரிலேயே எல்லாம் சீக்கிரம் ஆறிவிடும். இருபத்து மூன்று வயதில் நான் ஏன் பனிச்சறுக்கை விட்டேன் என்று உங்கள் பத்திரிகைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே. சொல்கிறேன். மறைத்து மறைத்து எனக்கும் அலுத்துவிட்டது. தினாரா உள்ளே தூங்குகிறாள். சக்கர நாற்காலியிலிருந்து இப்போதுதான் தூக்கிப் படுக்க வைத்தேன். இடுப்பு விட்டுப்போகிறது, வயதாகிவிட்டது.

எங்களுடையது இணைச் சறுக்கு. ஆண் தூக்குவான், பெண் மேலே மிதப்பாள். பார்க்கிறவர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. தினாராவுக்குப் பத்து வயதிலிருந்து நான்தான் ஜோடி. தலைக்கு மேலே போனவள் கீழே பார்க்கக் கூடாது, பார்த்தால் உடம்பு கோணிவிடும். தினாரா ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படியொரு நம்பிக்கையைப் பெற்ற தாயிடம்கூட யாரும் வைப்பதில்லை.

ஒருநாள் பயிற்சியாளர் கலீனா ஸ்தெபானவ்னா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அர்க்காஷா, மாஸ்கோவுல தினாராவ கேக்கறாங்கப்பா. க்லெப்னு ஒரு பையன், அவனுக்கு ஜோடியா. ஒலிம்பிக் வரைக்கும் போயிடுவா. நீ நல்ல சுமைதாங்கிதான், இல்லேங்கல. ஆனா சுமைதாங்கிக்கு யாரு மெடல் போடுறா?”

அவர் சொன்னது நியாயம்தான். நியாயம் பேசுகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்று மாலை தினாரா என் தோளில் சாய்ந்து அழுதாள். “தினமும் போன் பண்ணுவேன் அர்க்காஷா. அங்க எனக்குன்னு யாரு இருக்கா?” என்றாள். அழுத கண்ணிலேயே சந்தோஷமும் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பையன் இவளைப் பொறுப்பாகப் பிடிப்பானா என்றும் கவலையாக இருந்தது. என் கையில் இருக்கும் வரைதான் அவளுக்குப் பத்திரம். இதை வேறு யாரும் யோசிக்கவில்லை.

கடைசிப் பயிற்சியில் அவளை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு சுற்றினேன். கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் விரல்களை விரித்தேன். கை வழுக்கவில்லை, தோள் வலிக்கவில்லை, பனியிலும் குறையில்லை. முதுகு தரையில் பட்ட சத்தம் நான் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை.

என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் தொழிலில் மேலே போனவள் விழுந்தால் எடை கூடிவிட்டாளா, என்ன தின்றாள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். “ரொட்டியத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே” என்று கலீனா ஸ்தெபானவ்னா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் குறுக்கே பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் தினாரா என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“தப்பு எம்மேலதான். மாஸ்கோ போற குஷியில ரெண்டு நாளா வெண்ணெய் தடவி ரொட்டி தின்னுட்டேன். ஒன் வாழ்க்கையையும் சேத்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடு அர்க்காஷா.”

மன்னித்துவிட்டேன். அடுத்த வருடமே கல்யாணமும் செய்துகொண்டேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ரொட்டியை நான் அவளுக்குச் சொல்லிக்காட்டியதில்லை.